ஊர்க் கடைகளின் சலுகைகளைக் காட்டும் இணையச் செயலி: கூகுளா, மேப்பாக்ஸா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பா?

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். கிராஸ்கட் ரோடு, ஒப்பணக்காரத் தெரு, டவுன்ஹால், ஆர்.எஸ்.புரம் எல்லாம் சேர்த்து நானூறு கடைகள். இன்று எந்தக் கடையில் என்ன தள்ளுபடி என்பதை மேப்பில் பின் குத்திக் காட்டும் ஓர் இணையச் செயலி. கடைக்காரர்கள் கொடுக்கும் விளம்பரப் பணம்தான் வருமானம். இப்படி ஒன்றைத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மேப் பார்க்க நன்றாக இருக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விளம்பரம் செய்யப்போவது நீங்களா, இல்லை மற்றவர்களின் விளம்பரத்தை ஏற்றிக் காட்டப்போகிறீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

உங்களுடையது ஒரே ஒரு கடை என்றால் செயலியே வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். பெயர்ப் பலகை, தெரு, கடையின் உட்புறம் மூன்றும் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் உறுதிப்படுத்திவிடுவார்கள். அதன்பின் கூகுள் ஆட்ஸில் கடையைச் சுற்றி 3 கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு விளம்பரம் கொடுக்கலாம். பணம் ஒழுகும் ஓட்டை இங்கே ஒன்று உண்டு. வட்டம் போட்டாலும், அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களோடு அந்த இடத்தின்மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும்படிதான் அமைப்பு தொடக்கத்தில் இருக்கும். துபாயில் உட்கார்ந்து கோவை டிபன் கடைகளைத் தேடுகிறவரும் அதில் அடக்கம். வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் இனிப்புக் கடைக்கு அது லாபம், இட்லிக் கடைக்கு வீண் செலவு. இட அமைப்பைத் திறந்து, அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டுத்தான் விளம்பரத்தை ஓடவிட வேண்டும்.

இனி எழுதுவதெல்லாம் இரண்டாவது வகையினருக்கு, அதாவது பல கடைகளின் விளம்பரத்தைத் தங்கள் மேப்பில் காட்டப்போகிறவர்களுக்கு.

விலைக் கணக்கு

ஒரு நாளைக்கு 3,000 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் மேப் ஒருமுறை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 90,000 திறப்புகள்.

கூகுள் 2025 மார்ச்சில் பழைய 200 டாலர் மாதச் சலுகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச வரம்பு வைத்தது. உலக விலைப்பட்டியலில் சாதாரண மேப் திறப்புக்கு மாதம் 10,000 வரை இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 7 டாலர். பில்லிங் கணக்கு இந்தியாவில் இருந்தால் பட்டியலே வேறு: 70,000 வரை இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 2.10 டாலர். ஆக, நம் கோவைச் செயலிக்கு 42 டாலர். அதே செயலியை வெளிநாட்டு பில்லிங் கணக்கில் நடத்தினால் 560 டாலர். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியின் கார்டில் கணக்குத் திறந்துவிட்டுப் பிறகு மாற்ற முடியாமல் திண்டாடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேப்பாக்ஸ் என்ற மற்றொரு மேப் நிறுவனத்தில் 50,000 வரை இலவசம், பிறகு ஆயிரத்துக்கு 5 டாலர். நமக்கு 200 டாலர் ஆகும்.

மூன்றாவது வழி, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை எடுத்து நீங்களே பரிமாறுவது. புரோட்டோமேப்ஸ் திட்டம் முழு உலகத்தையும் பிஎம்டைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பாகத் தருகிறது. அது 100 ஜிபிக்கு மேல் இருக்கும். முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. பிஎம்டைல்ஸ் கருவியின் வெட்டியெடுக்கும் கட்டளையில் மேற்கு 76.85, தெற்கு 10.90, கிழக்கு 77.10, வடக்கு 11.12 என்று நான்கு எல்லைகளைக் கொடுத்தால் கோவை மட்டும் வந்துவிடும். சில பத்து எம்பிதான். அந்தக் கோப்பை இணையத்தில் கோப்புகளை வைக்கும் ஒரு பொருள் சேமிப்பகத்தில் வைத்தால் போதும், மேப்புக்கென்று தனி சர்வர் தேவையில்லை. உலாவி தனக்குத் தேவையான பகுதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஆர்2 சேமிப்பகத்தில் 10 ஜிபி வரை சேமிப்பும், மாதம் ஒரு கோடி வாசிப்புகளும் இலவசம். வெளியே போகும் தரவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு திறப்புக்கு 30 மேப் துண்டுகள் என்று வைத்தாலும் 90,000 திறப்புக்கு 27 லட்சம் வாசிப்புகள்தான் ஆகும். செலவு பூஜ்யம்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பைட் வரம்பைக் குறிப்பிட்டுக் கேட்கும் கோரிக்கையைச் சேமிப்பகம் ஏற்க வேண்டும், வேறு டொமைனிலிருந்து வரும் அழைப்பையும் அனுமதிக்க வேண்டும். நடுவில் இருக்கும் சர்வர் கோப்பை ஜிஜிப் முறையில் சுருக்கி அனுப்பினால் பைட் கணக்கு மாறி, மேப் வெள்ளையாக நிற்கும். நிரலில் எந்தத் தவறும் தெரியாது. உலாவியின் நெட்வொர்க் பலகையில் பதில் 206 என்று வருகிறதா, 200 என்று வருகிறதா என்று பாருங்கள். கோப்பின் ஒரு பகுதி மட்டும் வந்தது என்று சொல்லும் 206 வர வேண்டும்.

கூகுள் பக்கத்தில் பணம் போகும் விதம் வேறு. மேப்பை நகர்த்துவதற்கும் பெரிதாக்குவதற்கும் காசில்லை. மேப் பொருள் புதிதாக உருவாகும்போதுதான் ஒரு திறப்பு கணக்கில் ஏறும். ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தில் "பட்டியல்", "மேப்" என்று இரண்டு தாவல் வைத்து, தாவல் மாறும்போது மேப் கூறு அழிந்து மறுபடி பிறக்கும்படி எழுதிவிட்டால், ஒருவர் மூன்று முறை மாற்றிப் பார்த்தாலே மூன்று திறப்பு. மாதம் 2,70,000. இந்திய விலையில்கூட 42 டாலராக இருக்க வேண்டியது 420 டாலர் ஆகிவிடும். மேப்பை அழிக்காமல், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் மறைத்துவைத்தால் இது தீர்ந்தது. ஆடித் தள்ளுபடி நேரத்திலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் வருகை பல மடங்காகும் என்பதால் இதை ஆனி மாதமே சரிபார்த்துவிட வேண்டும்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறோமே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அது மின்னஞ்சல்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. கூகுள் கன்சோலில் அந்தந்த ஏபிஐயின், அதாவது நிரல் அழைக்கும் சேவையின் நாள் வரம்பைக் குறைத்தால்தான் உண்மையில் நிற்கும். உலாவியில் ஓடும் ஏபிஐ சாவி, அதாவது சேவையைப் பயன்படுத்தக் கூகுள் தரும் அடையாளக் குறி, எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் உங்கள் டொமைனுக்கு மட்டும் செல்லும்படி அதைக் கட்டுப்படுத்துங்கள். சர்வருக்கு ஐபி முகவரியால் கட்டுப்படுத்திய வேறு சாவி வேண்டும். ஒரே சாவியை இரண்டுக்கும் வைத்தால் இரண்டு கட்டுப்பாட்டையும் போட முடியாமல் திறந்தே கிடக்கும்.

விதிகள்

எங்கள் தீர்ப்பைத் தீர்மானிப்பது விலையல்ல, விதிகள். விளம்பரம் விற்கிறவருக்கு மேப் வெறும் பின்னணிதான். சரக்கு என்பது கடைகளின் பட்டியலும், அவை இருக்கும் இடமும், யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்ற கணக்கும். அந்தச் சரக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடை, இடத் தகவல் தரும் கூகுள் பிளேசஸ் சேவையிலிருந்து கடைகளின் பெயரையும் அட்சரேகை தீர்க்கரேகையையும் எடுத்து உங்கள் டேட்டாபேஸில் நிரந்தரமாக வைக்க விதி இடம் தராது. இட எண்ணை, அதாவது பிளேஸ் ஐடியை மட்டும் எவ்வளவு காலமும் வைத்துக்கொள்ளலாம். அட்சரேகை தீர்க்கரேகைக்கு 30 நாள் கெடு. கூகுளின் தகவலைக் கூகுள் அல்லாத மேப்பின்மேல் காட்டவும் கூடாது. பிளேசஸிலிருந்து வந்த ஆயத்தொலைவுகளை வைத்து, ஒரு புள்ளி ஒரு எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிப்பதைக் கூடாத செயலுக்கு உதாரணமாகவே விதிமுறையில் சொல்லியிருக்கிறார்கள். "இந்தப் பகுதிக்குள் இருக்கும் கடைகளின் சலுகை" என்று காட்டும் செயலி செய்வது முழுக்க அதைத்தான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓடிபிஎல் உரிமம் இரண்டு கேட்கிறது. பங்களிப்பாளர்களின் பெயரை மேப்பின் மூலையில் போட வேண்டும். அவர்கள் தரவோடு உங்கள் தரவைக் கலந்து புதிய டேட்டாபேஸ் உண்டாக்கிப் பொதுவில் பயன்படுத்தினால், அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அதனால் கடைப் பட்டியலைத் தனி அட்டவணையாக வைத்து, மேப்பின்மேல் தனி அடுக்காக மட்டும் காட்டுங்கள். சலுகை விவரம் உங்களுடையதாகவே இருக்கும்.

கடையின் இடத்தை எப்படிப் பெறுவது? முகவரியைக் கொடுத்துத் தேடினால் நம் ஊர் முகவரிகள் கழுத்தை அறுக்கும். "பேங்குக்கு எதிர்ப்புறம், ஸ்டுடியோ மாடி" என்று எழுதிய முகவரிக்குத் தெருவின் நடுப்புள்ளிதான் பதிலாக வரும். பத்துக் கடைக்கும் ஒரே புள்ளி விழும். கடைக்காரரையே அவர் கடை வாசலில் நின்று போனில் "இங்கேதான் இருக்கிறேன்" பொத்தானை அழுத்தச் சொல்லி, பின்னை விரலால் நகர்த்திச் சரிசெய்ய விடுங்கள். ஒரு கடைக்கு இரண்டு நிமிடம். நானூறு கடைக்கு ஒரு வாரம் அலைய வேண்டும். ஆனால் அந்தப் புள்ளிகள்மேல் வேறு யாருக்கும் உரிமை கிடையாது.

வழிகாட்டுவதற்கு மட்டும் கூகுளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். "வழி காட்டு" பொத்தானில் கடையின் அட்சரேகை தீர்க்கரேகையோடு கூகுள் மேப்ஸ் இணைப்பு கொடுத்தால், பயனரின் போனில் கூகுள் மேப்ஸே திறக்கும். இந்த இணைப்புக்குச் சாவியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பலர் இதற்காகவே டைரக்ஷன்ஸ் ஏபிஐக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்றால் அவர்களுடைய சொந்த சர்வரிலிருந்து படத்துண்டுகளை இழுப்பது என்று பொருளில்லை. அது நன்கொடையில் ஓடும் சர்வர். அதிகப் பயன்பாடு தெரிந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவார்கள். அவர்களுடைய நாமினாட்டிம் என்ற முகவரித் தேடலுக்கும் நொடிக்கு ஒரு கோரிக்கைதான் அனுமதி. தட்டச்சு செய்யச் செய்யப் பரிந்துரை காட்டுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. நானூறு கடைப் பட்டியலில் தேட வெளியே போகவே வேண்டாம். பட்டியலை உலாவியிலேயே வைத்துத் தேடலாம்.

மேப்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. உலாவியில் மேப்பை வரையும் அதன் ஜிஎல் ஜேஎஸ் நிரல் 2020 டிசம்பரில், இரண்டாம் பதிப்போடு திறமூலத்திலிருந்து விலகியது. பழைய பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்த திறமூல நிரல்தான் மேப்லிப்ரே. மேப்பின் தோற்றத்தை வடிவமைப்பாளர் ஒருவர் தினமும் மாற்றப்போகிறார் என்றால் மேப்பாக்ஸின் ஸ்டுடியோவுக்கு மதிப்பு உண்டு. சலுகைச் செயலிக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கக் காரணம் தெரியவில்லை.

தமிழ் எழுத்து

திறமூல வழிக்கு எதிராக நிற்கும் உண்மையான தடை இது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு இது நேர்வதில்லை.

மேப்லிப்ரே, மேப்பாக்ஸ் ஜிஎல் இரண்டும் சர்வரிலிருந்து எழுத்துருவை ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் ஒரு படமாக எடுத்து, வந்த வரிசையில் அடுக்கும் முறையில் உருவானவை. தமிழில் "கொ" என்பது யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் வேலை இந்த முறையில் கிடையாது. "பெரிய கடை வீதி" என்று எழுதினால் பகரத்துக்கு வலப்பக்கம் கொம்பு தொங்கும். "கோயம்புத்தூர்" என்பதில் இரட்டைச்சுழிக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். புள்ளி எழுத்தின் தலையில் ஏறாமல் விலகி நிற்கும். ஊர்ப் பெயரைப் பிழையாகக் காட்டும் மேப்பில் எந்தக் கடைக்காரர் விளம்பரம் கொடுப்பார்? நீங்கள் எடுக்கும் பதிப்பில் இது எந்த அளவுக்குச் சரியாகியிருக்கிறது என்பதை "ஒப்பணக்காரத் தெரு", "கோயம்புத்தூர்", "பெரிய கடை வீதி" என்ற மூன்றையும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதற்கு வழிகள் உண்டு. கடைப் பெயர்களை மேப் அடுக்கில் எழுதாமல் எச்டிஎம்எல் குறியாக வைத்தால் உலாவியே தமிழைச் சரியாக எழுதிவிடும். நானூறு கடைக்கு இது தாங்கும். பல ஆயிரம் ஆனால் மேப் தடுமாறும் என்பதால் நெருங்கியவற்றைக் கொத்தாக்க வேண்டும். தெருப் பெயர்களும் தமிழில் வேண்டும் என்றால், லீஃப்லெட் என்ற மேப் நிரலையும் அதற்கான புரோட்டோமேப்ஸ் நீட்சியையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். அதே பிஎம்டைல்ஸ் கோப்பைத்தான் இதுவும் படிக்கும். எழுத்தை மட்டும் உலாவியின் கேன்வாஸ் என்ற வரைபரப்பு வழியாக எழுதுவதால் கொம்பும் புள்ளியும் அந்தந்த இடத்தில் நிற்கும். மேப்பைச் சுழற்ற முடியாது, சாய்க்க முடியாது. கடை தேடுகிறவருக்கு அது ஒரு குறையே அல்ல. நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

எல்லாத் தெருக்களுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர் இருக்காது. தமிழ்ப் பெயர் இருந்தால் அது, இல்லாவிட்டால் பொதுப் பெயர் என்று அமையுங்கள். விடுபட்ட தெருக்களுக்கு நீங்களே தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். அடுத்த முறை கோப்பை வெட்டி எடுக்கும்போது வந்துவிடும், ஊருக்கே பயன்படும். கூகுளில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. மொழியைத் தமிழ் என்று அமைத்தால் போதும்.

இன்னொன்று, நாட்டு எல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நடைமுறையில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி எல்லை வரைகிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்துக்கு மாறான எல்லையை இந்தியாவில் வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊர் அளவுச் செயலிக்கு எளிய தீர்வு இருக்கிறது. குறைந்த பெரிதாக்க அளவை 10 என்று வைத்து, மேப் கோவையை விட்டு நகராதபடி பூட்டுங்கள். எல்லை வரையும் அடுக்கையும் ஸ்டைலிலிருந்து எடுத்துவிடுங்கள். நாடு முழுவதையும் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் போன்ற இந்திய நிறுவன மேப்களை விலை கேட்டுப் பாருங்கள்.

"உங்கள் அருகில்" என்று சொல்வதற்கு முன்

எந்த மேப்பை எடுத்தாலும் இந்தப் பகுதி பொதுவானது. முதலில் ஒரு ஆசையை விட்டுவிட வேண்டும். வாடிக்கையாளர் கடையைக் கடந்து போகும்போது தானாக அறிவிப்பு அனுப்புவது இணையச் செயலியால் முடியாது. பக்கம் மூடியிருக்கும்போது இடத்தைப் பார்க்க உலாவிகள் விடுவதில்லை, பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒர்க்கர் நிரலுக்கும் அந்த அனுமதி கிடையாது. அதுதான் உங்கள் விளம்பரத்தின் உயிர் என்றால் ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலிகள் எழுத வேண்டும். கடைக்காரரிடம் இதை வாக்குக் கொடுப்பதற்கு முன் தெரிந்திருப்பது நல்லது.

பக்கம் திறந்தவுடன் இட அனுமதி கேட்காதீர்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் பெரும்பாலும் நிரலால் மறுபடி கேட்க முடியாது. "என் அருகில்" என்ற பொத்தானை அழுத்தியபின் கேளுங்கள். பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இல்லாவிட்டால் கேட்கவே முடியாது. கிடைக்கும் இடத்தோடு, எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்ற எண்ணும் வரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. வீட்டு பிராட்பேண்டில் கணினியில் பார்க்கிறவருக்கு அது பல கிலோமீட்டராக இருக்கலாம், கோவையில் இருப்பவரைச் சென்னையில் காட்டலாம். துல்லிய இடத்தை அணைத்துவைத்த போனிலும் பிழை பெரிதாகவே இருக்கும். பிழை 500 மீட்டருக்கு மேல் என்றால் "அருகில்" என்று சொல்லாமல் காந்திபுரம், உக்கடம், பீளமேடு என்று பகுதிப் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சர்வரில், இடத் தேடலுக்கான டேட்டாபேஸ் நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் போதும். இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, வரிசை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும், இடத் தரவு வடிவமான ஜியோஜேசனும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். கோவையின் 11.01, 76.95 இடம் மாறினால் கடைகள் ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் மிதக்கும். இது உடனே கண்ணில் படும். இரண்டாவது படாது. 500 மீட்டருக்குள் என்று கேட்கும்போது இடத்தை வைத்திருக்கும் நெடுவரிசை, தட்டைப் பரப்பாகக் கணக்கிடும் ஜியாமெட்ரி வகையில் இருந்தால் அது 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். உலகமே அதற்குள் அடங்கும். சோதனைக் கடைகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தால் பதில் சரிபோலவே தெரியும். நெடுவரிசையை மீட்டரில் கணக்கிடும் ஜியாகிரஃபி வகையில் வைத்து, தேடலை வேகமாக்கும் ஜிஸ்ட் குறியீடு போட்டு, பொள்ளாச்சியில் ஒரு பொய்க் கடையைச் சேர்த்துச் சோதியுங்கள். அது காந்திபுரத் தேடலில் வந்தால் பிழை இருக்கிறது.

பார்வையாளரின் இடத்தைச் சேமிக்கும்போது மூன்று தசம இலக்கத்தோடு நிறுத்துங்கள். அது ஏறக்குறைய 110 மீட்டர், எந்தப் பகுதியிலிருந்து பார்த்தார்கள் என்று கடைக்காரருக்குச் சொல்ல அது போதும். ஆளின் வீட்டைக் காட்டிக்கொடுக்காது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். சேமிக்காத தரவைக் காக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எதற்குப் பணம் வாங்குவது? கடைக்கான பின் குறி திரையில் இருந்தது என்பதற்காகப் பார்வை எண்ணினால், ஒருவர் மேப்பை ஆட்டிக்கொண்டிருந்தாலே எண்ணிக்கை நூறாகும். கொத்துக்குள் மறைந்த பின்களும் கணக்கில் ஏறிவிடும். மேப் நின்று ஒரு நொடி ஆனபின், தனியாகத் தெரியும் பின்னை மட்டும், ஒருவருக்கு ஒரு நாளில் ஒருமுறை எண்ணுங்கள். அதுகூடக் கடைக்காரருக்குப் பெரிதாகப் படாது. "வழி காட்டு" அழுத்தியவர்கள், போன் எண்ணைத் தொட்டவர்கள் என்ற இரண்டு எண்ணிக்கையையும் தனியாகக் காட்டுங்கள். சலுகையோடு நான்கு இலக்கக் குறியீடு ஒன்று கொடுத்து, பில் போடும் இடத்தில் அதைச் சொல்லச் சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவர் அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தாலே போதும். மாதக் கடைசியில் அவர் நோட்டையும் உங்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.